ராஸ் ட்ரெலோரும் நாலாவது பாட்டும்

ராஸ் ட்ரெலோருக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் கடலோரம் இருக்கும் எங்கள் வாலரூவில் அது எல்லோருக்கும் தெரியும். வியாழக்கிழமைதோறும் சாயந்திரம் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை எங்கள் ஊர்ச் சமூக வானொலியில் அதையெல்லாம் அவர் சொல்லித் தீர்த்துக்கொண்டிருந்தார். நிகழ்ச்சிக்குப் பெயர் ‘ராஸுக்குத் தோன்றியது’. அவர் பேசுவார். எதிரே உட்கார்ந்து பாட்டுப் போடுவது, தொலைபேசி இணைப்புக் கொடுப்பது, ஒலியைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் நான். எனக்கும் ஒரு மைக் உண்டு. பேசுவதற்கென்று இல்லை. அவர் ஏதாவது சொன்னால் சிரிப்பதற்கு ஓர் ஆள் வேண்டுமல்லவா, அதற்காக.

மற்ற நாட்களில் அவர் துறைமுகத்துத் தானியக் கிடங்கில் எடைமேடை பார்ப்பவர். பார்லி ஏற்றிய லாரிகள் வரிசையில் நிற்கும்போது, ஒவ்வொரு டிரைவரிடமும் முந்தின இரவு டிவியில் என்ன பார்த்தான் என்று விசாரித்து, எடைச் சீட்டோடு தன் கருத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்புவார். அவர் மனைவி ஜில் ஒரு வியாழக்கிழமைகூட ரேடியோவைத் திறந்ததில்லை. “வீட்ல வாரம் பூரா கேக்குறேன். அது போதாதா?” என்பாள்.

அவர் கருத்துகளில் பெரிய ஆராய்ச்சி எதுவும் இருக்காது. “ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒரு படம் ஓடுதுன்னா, எடுத்தவருக்குக் கூட்டாளிங்களே இல்லன்னு அர்த்தம். ஒருத்தன் இருந்தாலும் சொல்லியிருப்பான்” என்பார். “இந்தத் துப்பறியும் தொடர்ல வர்ற போலீஸ்காரன் வீட்டுக்குள்ள வந்தா லைட்டே போட மாட்டேங்கிறான். கொலைகாரனக் கண்டுபிடிக்கத் தெரியுது, சுவிட்ச் எங்க இருக்குன்னு தெரியலையா?” ஏணியிலிருந்து விழுந்தால் அது நகைச்சுவை இல்லை, விபத்து. கச்சேரியின் நடுவில் டிரம்ஸ்காரர் தனியாகப் பத்து நிமிடம் வாசிப்பது, மற்றவர்கள் போய் பீர் குடித்துவிட்டு வருவதற்காக. இப்படித்தான்.

கடைசிக் கால் மணி நேரத்தில் கடவுள் வந்துவிடுவார். ராஸின் அப்பா மூன்டாவில் மெதடிஸ்ட் சபை உபதேசியாராக இருந்தவர். ராஸ் கோபித்துக்கொண்டு கோயிலை விட்டவர் இல்லை. சலித்துப்போய் விட்டவர். “ஆளே குடிவராத வீட்டு வாசல்ல நின்னு பெல் அடிச்சிட்டிருக்கிற மாதிரி அது. நானும் பத்தொம்பது வயசு வரைக்கும் அடிச்சேன். கை வலிச்சுது, வந்துட்டேன்.”

அவர் இதைச் சொல்லி முடித்ததும் தொலைபேசி மணி அடிக்கும். வெர்னா பென்ஹேல் என்று எடுக்காமலே சொல்லிவிடலாம். எழுபத்து நாலு வயது. எங்கள் கோயிலில் ஆர்கன் வாசிப்பவர், பாடகர் குழுவை நடத்துபவர். கணவர் டெஸ்ஸோடு பாஸ்கிவில் பக்கம் நாற்பது வருடம் விவசாயம் பார்த்துவிட்டு, நிலத்தை மகளிடம் கொடுத்துவிட்டு, கடற்கரையோரம் ஒரு சின்ன வீட்டில் வந்து குடியேறியவர்.

“ராஸ், கடவுள் இல்லன்னு வாராவாரம் சொல்ற. இல்லாத ஒருத்தரப் பத்தி இவ்வளவு பேசுறவன் இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான். எங்க பாஸ்டர்கூட இவ்வளவு பேசுறதில்ல.”

“அவருக்குச் சம்பளம் வருது வெர்னா, அதனால அளவாப் பேசுறாரு. நான் சும்மாதான பேசுறேன்.”

“சும்மா வர்றதோட லட்சணம் தெரியுதே.”

ஊரே இதற்காகத்தான் ஆறு மணிவரை ரேடியோவை அணைக்காமல் வைத்திருக்கும். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம் என்பது குரலிலேயே தெரியும்.

அந்த வருடம் கோயிலின் நூற்றைம்பதாவது ஆண்டு. பாடகர் குழு பத்து ஞானப்பாட்டுகளைப் பதிவு செய்து ஒரு சி.டி. போட்டிருந்தது. ஆகஸ்டில் ஒரு நாள் வெர்னா அதை எடுத்துக்கொண்டு எடைமேடைக்கே போய் ராஸிடம் கொடுத்திருக்கிறார்.

“நாலாவது பாட்டப் போடு. ஆனா ஒண்ணு, முன்னாடியே ஒரு தடவ கேட்டுட்டுப் போடு. எனக்காக.”

“கண்டிப்பா வெர்னா.”

ஒன்பது நாள் அந்த சி.டி. அவர் வண்டியில் கிடந்தது. அவர் கேட்கவில்லை. பாட்டில் என்ன இருக்கிறது என்று வெர்னாவும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை ஐந்தரை மணிக்கு நாலாவது பாட்டைப் போட்டேன். ஆர்கன் எடுத்துக்கொடுத்தது, குழு இரண்டு வரி பாடியது, பிறகு தனியாக ஓர் ஆண்குரல். கனமான, நல்ல குரல்தான். ஆனால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஓரங்கள் மழுங்கி வந்தன. ராஸ் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். மைக்கைத் திறக்கச் சொல்லிக் கை காட்டினார். திறந்தேன்.

“யாருங்க இவரு? கறி அடச்ச பேஸ்டியச் சுடச்சுட வாய்ல வச்சிக்கிட்டுப் பாடறாரு போல. துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல, பாவம்.”

நான் சிரித்தேன். மைக் பக்கத்தில் இருந்ததால் பலமாகவே கேட்டிருக்கும்.

“கடவுள்னு ஒருத்தர் இருந்தா இந்நேரம் ஸ்டேஷன மாத்தியிருப்பாரு. க்ளெனிஸ், நாமளும் மாத்திடலாமா?”

மாற்றினேன். பாட்டு ஒரு நிமிடம்கூட ஓடியிருக்காது. அடுத்த கால் மணி நேரத்தில் மூன்று பேர் கூப்பிட்டுச் சிரித்தார்கள். வெர்னா கூப்பிடவில்லை.

அடுத்த வாரமும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரம் ராஸ் தானாகவே ஒலிபரப்பில் வம்புக்கு இழுத்தார். “வெர்னா, என்ன சத்தத்தையே காணோம்? என் பேச்சக் கேட்டு மனசு மாறிட்டீங்களா?” அன்றைக்கும் தொலைபேசி சும்மாவே கிடந்தது.

காரணத்தைச் சொன்னது பாம் என்பவள். தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள், வெர்னாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. ஏதோ பார்சல் வாங்கப் போன ராஸ், “வெர்னாவுக்கு உடம்பு சரியில்லையா என்ன?” என்று கேட்டதற்கு, பார்சலைக் கையிலேயே வைத்துக்கொண்டு பாம் அவரை வெறித்துப் பார்த்தாளாம்.

“உனக்கு நெஜமாவே தெரியாதா?”

“என்ன தெரியாதா?”

“அந்தப் பாட்டப் பாடினது டெஸ், ராஸ்.”

ராஸுக்கு முதலில் புரியவே இல்லை. டெஸ்ஸுக்கு இரண்டு வருடங்களுக்கு முன்னால் பக்கவாதம் வந்ததும், பேச்சுப் போனதும் ஊருக்கே தெரியும். “டெஸ்ஸுக்குத்தான் பேச்சே வராதே” என்றார்.

“பேச்சு வராது. பாட்டு வரும். ஞாயித்துக்கிழம கோயிலுக்கு வர்ற எங்களுக்கெல்லாம் தெரியும். உனக்கு எங்கேந்து தெரியும்?” பாம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். வரிசையில் பின்னால் ஆள் நின்றது. “அன்னிக்கி நாங்க ஏழு பேர் அவங்க வீட்ல உக்காந்திருந்தோம். வெர்னா கேக் எல்லாம் செஞ்சிருந்தா. டெஸ் கோயிலுக்குப் போடற சட்டையப் போட்டுக்கிட்டு ரேடியோவுக்குப் பக்கத்துல நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்திருந்தாரு. பாட்டு ஆரம்பிச்சதும் எங்க எல்லாரையும் ஒரு சுத்துப் பாத்தாரு, நான்தான் அப்படிங்கிற மாதிரி. அப்பறம் நீ பேசின. அவரு எழுந்து போய் அந்தச் சட்டையக் கழட்டிட்டு வேற போட்டுக்கிட்டு வந்தாரு. அவ்வளவுதான். அன்னையிலேந்து வாயே தொறக்கல.”

அன்று மத்தியானம் ராஸ் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நடந்ததைச் சொன்னார். அந்த இரண்டு வருடமாக நான் கோயிலுக்குப் போகாமல் இருந்தேன், டெஸ் பாடுவது எனக்கும் புதுச் செய்தி. “நாம சிரிச்சோம் க்ளெனிஸ்” என்றார். ‘நாம’ என்றதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சொன்னது நீங்கள், நான் வெறுமனே சிரித்தேன், அவ்வளவுதானே என்று வாய்வரை வந்தது. அதைச் சொல்லவில்லை. அவர் தப்பாக எதையும் சொல்லிவிடவில்லையே.

மறுநாளே அவர் வெர்னாவின் வீட்டுக்குப் போனார். நான் போகவில்லை. அவர் என்னிடம் பின்னால் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

வெர்னா பின்கட்டில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாராம். ராஸ் நின்றபடியே, வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த மன்னிப்பைச் சொல்லி முடித்தார். அடுத்த வியாழக்கிழமை ரேடியோவிலும் சொல்லப்போகிறேன், அந்தப் பாட்டை முழுசாகப் போடப்போகிறேன் என்றார்.

“அத மட்டும் செஞ்சிடாத” என்றார் வெர்னா. “அன்னிக்கி யாருன்னு தெரியாமச் சிரிச்சாங்க. நீ மன்னிப்புக் கேட்டா, யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பரிதாபப்படுவாங்க. அவருக்கு அது இன்னும் கஷ்டம்.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே வெர்னா.”

“சொல்லியிருந்தா நல்ல விதமாப் பேசியிருப்ப. நோயாளி பாடினார்னு பேசியிருப்ப. அவருக்கு அது வேணாம். சும்மா ஒரு பாட்டுக்காரர் பாடினாருன்னு நாலு பேர் கேக்கணும்னு ஆசப்பட்டாரு. அதனாலதான் முன்னாடியே ஒரு தடவ கேட்டுட்டுப் போடுன்னேன். நீ கேட்டியா?”

“இல்ல.”

“தெரியும்.”

அவர் காயை உரித்துக்கொண்டே எல்லாம் சொன்னார். பக்கவாதத்துக்குப் பிறகு டெஸ்ஸிடம் மிச்சமிருந்தவை மூன்றே சொற்கள். ‘ஆமா’, ‘இல்ல’, அப்புறம் ‘சனியனே’. அதிலும் முதல் இரண்டும் இடம் மாறி மாறி வரும். வாழ்நாளில் ஒரு கெட்ட வார்த்தை பேசாத மனிதருக்கு ‘சனியனே’ மட்டும் பிசகாமல் வந்தது. பாஸ்டரிடமும் வந்தது, பேத்தியிடமும் வந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் வெர்னா வீட்டில் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தபோது, அவர் பின்னால் வந்து நின்று ஒரு சரணம் முழுக்கப் பாடினார். பேச்சு குடியிருக்கிற இடம் வேறு, பாட்டு குடியிருக்கிற இடம் வேறு என்று டாக்டர் விளக்கினாராம். அதற்கப்புறம் சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட ராகம் போட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

“இப்ப?” என்றார் ராஸ்.

“இப்ப விரல நீட்டிக் காட்டுறாரு.”

“நான் என்ன செய்யணும்?” என்று கேட்டார் ராஸ்.

வெர்னா யோசித்தார். “செவ்வாய்க்கிழம பத்து மணியிலேந்து பன்னண்டு வரைக்கும் நான் கடினாவுக்குப் போகணும். ஆஸ்பத்திரியில வயசானவங்களுக்குப் பியானோ வாசிக்கிறேன். அந்த ரெண்டு மணி நேரம் அவரோட யாராவது இருக்கணும். நீ வந்து உக்காரு. ஆனா பேசாத.”

“பேசாதன்னா?”

“பேசாதன்னா பேசாத. உன் அபிப்பிராயம் எதுவும் அந்த வீட்ல வேணாம்.”

செப்டம்பரிலிருந்து ராஸ் போக ஆரம்பித்தார். முதல் செவ்வாய்க்கிழமை டெஸ் அவரைப் பார்த்ததும் “சனியனே” என்றார். அது வழக்கமாக வருகிற சொல்லா, தெரிந்தே சொன்னதா என்று ராஸுக்குக் கடைசிவரை தெளிவாகவில்லை. தெரிந்தே சொன்னதாகத்தான் அவர் வைத்துக்கொண்டார்.

ரிமோட் டெஸ்ஸின் கையில் இருக்கும். காலையில் பழைய கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படங்கள் ஓடும் ஒரு சானல் அவருக்குப் பிடிக்கும். ஏணியிலிருந்து விழுகிறவர்கள், வாளிக்குள் கால் விடுகிறவர்கள், கதவில் மோதிக்கொள்கிறவர்கள். டெஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் மட்டும் நோயின் அடையாளமே இல்லை என்றார் ராஸ். “முழுசா இருக்கு க்ளெனிஸ், ஒரு எழுத்துக்கூடக் கொறையல. நான் ரெண்டு மணி நேரம் டிவியப் பாக்கவேயில்ல. அவரு சிரிக்கிறதப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். இந்த மனுஷனப் பாத்துத்தான் நான்…” அதோடு நிறுத்திக்கொண்டார்.

ரேடியோவில் அவர் ஏழெட்டு வாரம் வரவில்லை. அறுவடை நேரம், வேலை அதிகம் என்று சொல்லி நான் அவர் இடத்தில் வெறும் பாட்டுகளாகப் போட்டு ஒப்பேற்றினேன். உண்மையில் அறுவடை நெருக்கடியிலும் செவ்வாய்க்கிழமைக் காலை விடுப்புக் கேட்டு, அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைகளில் எடைமேடையில் நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்தபோது படங்களைப் பற்றி முன்போலவே பேசினார், தொடர்களைத் திட்டினார். ஊரில் யாராவது பாடினதையோ வாசித்ததையோ கொண்டுவந்து கொடுத்தால் மட்டும், “கேட்டேன், போடறேன்” என்று இரண்டே வார்த்தை. ராஸுக்கு வயசாகிவிட்டது, பழைய காரம் இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

ஜனவரிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்பத்து மூன்று டிகிரி வெயில். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். டிவியில் பழைய காலத்து விளம்பரங்களைத் தொகுத்துக் காட்டினார்கள். அதில் ஒரு பிஸ்கட் விளம்பரம். அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். ராஸ் தன்னையறியாமல் கூடச் சேர்ந்து பாடிவிட்டார்.

ராஸின் குரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இசையைப் பற்றி அத்தனை பேசுகிற மனிதருக்கு ஒரு சுரம்கூட நேராக வராது.

டெஸ் நாற்காலிக் கையில் ஓங்கி அடித்தார். “சனியனே!” என்றார். பிறகு அந்த வரியைத் தானே பாடினார், இப்படித்தான் பாட வேண்டும் என்பதுபோல. பிஸ்கட்டின் பெயர், அதன் மொறுமொறுப்பு, அம்மா இன்னொன்று கொடு என்பது எல்லாம் வந்தது. ஓரங்கள் மழுங்கித்தான் வந்தன. ஆனால் சுருதி அசையவில்லை.

பாடி முடித்ததும், பாடிவிட்டோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். சட்டென்று ராஸின் முகத்தைப் பார்த்தார். “அந்தப் பார்வைய என்னால மறக்க முடியல” என்றார் ராஸ். “இப்ப சிரிக்கப்போறியா அப்படிங்கிற மாதிரி பாத்தாரு. இந்த ஊர்ல யாரப் பாத்தாலும் சிரிப்பானோன்னு அவருக்குப் பயம் வர்றதுக்கு நான்தான காரணம்? வெர்னா பேசாதன்னு சொல்லியிருக்காங்க. அப்பிடியே உக்காந்திருந்தேன்.”

அதிலிருந்து வீட்டுக்குள் மறுபடி பாட்டு வந்தது. ஞானப்பாட்டு இல்லை. எல்லாவற்றுக்கும் அந்தப் பிஸ்கட் மெட்டுத்தான். உப்பு வேண்டும், ஜன்னலைத் திற, வெர்னா எங்கே, எல்லாம் அதே மெட்டில். மார்ச்சில் ஒரு நாள் ராஸ் தடையை மறந்து ஏதோ ஒரு படத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிவிட்டார். டெஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விரலால் தாளம் போட்டுக்கொண்டு பாடினார்: “நீ… ரொம்பப்… பேசுற.” வெர்னா இதை என்னிடம் சொல்லும்போது சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மறுபடி வியாழக்கிழமைகளில் கூப்பிடவும் ஆரம்பித்திருந்தார். கடவுள் விஷயத்தில் ராஸ் கொஞ்சமும் மாறவில்லை. அதில் வெர்னாவுக்குத் திருப்திதான் என்று தோன்றியது.

டெஸ் மட்டும் பாடகர் குழுவுக்குத் திரும்பவில்லை. வெர்னா கூப்பிட்டார், பாஸ்டர் வீட்டுக்கு வந்து கூப்பிட்டார், குழுவே வந்து வாசலில் நின்றது. ‘ஆமா’ என்று சொல்லித் தலையை இடவலமாக ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்கனுக்காக வெர்னா முன்கூட்டியே கிளம்பிவிடுவார். அதனால் டெஸ்ஸைக் கூட்டிவருவது ராஸின் வேலையாயிற்று. கோயில் வாசல் வரை வண்டி வரும். டெஸ் இறங்க மாட்டார். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். ராஸும் உட்கார்ந்திருப்பார். ஆராதனை முடியும்வரை இரண்டு கிழவர்களும் வண்டிக்குள்ளிருந்தே பாட்டுக் கேட்பார்கள். உள்ளே போகிறவர்கள் பார்க்காததுபோலப் போவார்கள்.

இதைக் கேள்விப்பட்டு ஒரு வியாழக்கிழமை ஓர் ஆள் ரேடியோவில் கூப்பிட்டுக் கிண்டல் செய்தான். “என்ன ராஸ், ஞாயித்துக்கிழமையானா உன் வண்டி கோயில் வாசல்ல நிக்குதாமே? சாமிகிட்ட மாட்டிக்கிட்டியா?”

வேறு சமயமாக இருந்தால் அவனை அரை மணி நேரம் வறுத்தெடுத்திருப்பார். “ஆமா, நிக்குது” என்றார். அடுத்த பாட்டைப் போடச் சொல்லி எனக்குக் கை காட்டினார்.

பாட்டு ஓடும்போது மைக்கை மூடிவிட்டுச் சொன்னார்: “டெஸ் என்ன மன்னிச்சிட்டாருன்னு வெர்னா சொல்றாங்க. இருக்கலாம். ஆனா உள்ள போய்ப் பாடலையே க்ளெனிஸ். அவரு போய் நின்னு பாடற வரைக்கும் மன்னிச்சா என்ன, மன்னிக்காட்டி என்ன?”

அவராவது நேரில் போய் நின்று மன்னிப்புக் கேட்டார். நான் இன்றுவரை அந்த வீட்டுப்படி ஏறவில்லை. வெர்னா என்னைக் கடையில் பார்த்தால் நின்று பேசுவார், விசாரிப்பார். அந்தச் சிரிப்பு யாருடையது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

இப்போது நானும் மறுபடி கோயிலுக்குப் போகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமதமாகப் போனேன். முதல் பாட்டு தொடங்கிவிட்டிருந்தது. ராஸின் வண்டியைத் தாண்டி நாலு அடி வைத்தவள் திரும்பி வந்தேன். பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். ராஸ் பின்னிருக்கையில் கிடந்த தொப்பியை எடுத்துக்கொண்டார். டெஸ் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே அந்த நாலாவது பாட்டில் ஆண்குரல் தனியாகப் பாட வேண்டிய இடம் வந்தது. இப்போது அங்கே பாட ஆள் இல்லாததால் வெர்னா ஆர்கனில் மட்டும் அதை வாசிக்கிறார். டெஸ்ஸின் உதடுகள் அசைந்தன. பின்னாலிருந்து எனக்குச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ராஸ் முகத்தைத் திருப்பிக் கடல் பக்கமாக வைத்துக்கொண்டார், அந்த வரி முடியும்வரை.